பேரிக்காயும் அச்சுக் கல்லும்: பாரிஸ் கேலி இதழ் ஒன்றின் ஐந்தாண்டுகள், 1830–1835

இது ஓர் இதழ் எப்படித் தொடங்கியது, எப்படித் தாக்குப்பிடித்தது, எதனால் நின்றது என்பதைப் பற்றிய நிகழ்வு ஆய்வு. இதழின் பெயர் ‘லா கரிக்காத்யூர்’. ஆசிரியர் ஷார்ல் ஃபிலிபோன், முதன்மை ஓவியர் ஒனோரே டோமியே, எதிரே நின்றவர் மன்னர் லூயி ஃபிலிப். இவர்கள் வரலாற்றில் பதிவானவர்கள் என்பதால் பெயர் சொல்லலாம். அச்சுத் தொழிலாளர்கள், படத்துக்கு வண்ணம் தீட்டியவர்கள், ஜூரியில் அமர்ந்தவர்கள், ஒரு வீட்டில் கொல்லப்பட்டவர்கள் ஆகியோர் இங்கே பெயரின்றியே வருகிறார்கள். இந்த நிகழ்வின் பெரும்பாரத்தைச் சுமந்தவர்களும் அவர்கள்தான்.

பின்னணி

1830 ஜூலை 25 அன்று பத்தாம் ஷார்ல் மன்னர் சில ஆணைகளில் கையெழுத்திட்டார். அவற்றில் முதலாவது, பத்திரிகைச் சுதந்திரத்தை நிறுத்திவைத்தது. மறுநாள் ஆணைகள் வெளியானதும் பத்திரிகையாளர்கள் கண்டன அறிக்கை விட்டார்கள், மூடிய அச்சகங்களின் தொழிலாளர்கள் தெருவில் இறங்கினார்கள். 27, 28, 29 ஆகிய மூன்று நாள் சண்டையில் அரசு கவிழ்ந்தது. ஆகஸ்ட் 9 அன்று லூயி ஃபிலிப் அரியணை ஏறினார். ஆகஸ்ட் 14 அன்று வெளியான திருத்தப்பட்ட அரசியல் சாசனத்தின் 7-ஆவது பிரிவு, சட்டத்துக்கு உட்பட்டுக் கருத்துகளை வெளியிடவும் அச்சிடவும் பிரெஞ்சு மக்களுக்கு உரிமை உண்டு, தணிக்கை இனி ஒருபோதும் திரும்பாது என்றது.

1820 முதல் படங்களுக்கு முன் அனுமதி கட்டாயமாக இருந்தது. அந்தக் கட்டு இப்போது அறுந்தது. 1830 அக்டோபர் 8 சட்டம் பத்திரிகைக் குற்றங்களை ஜூரியிடம் ஒப்படைத்தது. ஆனால் அதே ஆண்டு நவம்பர் 29 சட்டம், மன்னரின் அதிகாரத்தைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறை, 300 முதல் 6,000 ஃபிராங்க் வரை அபராதம் என்று வரம்பு வைத்தது. அதாவது, முன்கூட்டித் தடுக்கும் வழி அரசிடம் இல்லை. வெளியான பிறகு தண்டிக்கும் வழி இருந்தது. இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டுதான் மீதியைப் படிக்க வேண்டும்.

இதழும் அதன் பட்டறையும்

முதல் இதழ் 1830 நவம்பர் 4 அன்று வந்தது. வியாழன்தோறும் 4 பக்க எழுத்து, தனித் தாளில் 2 கல்லச்சுப் படங்கள். ஆண்டுச் சந்தா 52 ஃபிராங்க். உழைக்கும் குடும்பத்துக்கு எட்டாத தொகை அது. நாவலாசிரியர் பால்சாக் தொடக்க காலத்தில் புனைபெயர்களில் எழுதினார். விற்பனை, ஆசிரியரின் உறவினரான ஒபேர் நடத்திய படக்கடையில். வேரோ-தொதா என்ற கூரையிட்ட கடைவழியில் இருந்த அந்தக் கடையின் கண்ணாடிக்குப் பின்னால் புதிய படங்களைத் தொங்கவிடுவார்கள். சந்தா கட்ட முடியாதவர்களும் அங்கே நின்று பார்த்தார்கள். படத்தின் வீச்சு சந்தாதாரர் எண்ணிக்கையோடு நிற்கவில்லை என்பதற்கு இந்தக் கண்ணாடிதான் காரணம். அரசின் அச்சத்துக்கும் அதுவே காரணம்.

கல்லச்சின் வேலைமுறை தெரியாமல் இந்த இதழைப் புரிந்துகொள்ள முடியாது. பவேரியாவின் சோல்ன்ஹோஃபன் பகுதிச் சுண்ணாம்புக்கல்லை மணலும் நீரும் விட்டு மற்றொரு கல்லால் தேய்த்துச் சமப்படுத்துவார்கள். ஓவியர் அதன்மேல் மெழுகு, சோப்பு, கொழுப்பு, புகைக்கரி சேர்ந்த எண்ணெய்ப்பசைக் குச்சியால் வரைவார். அச்சில் இடம் வலமாகும் என்பதால் படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். பிறகு வேலம்பிசினில் சிறிதளவு நைட்ரிக் அமிலம் கலந்து பூசுவார்கள். கோடு உள்ள இடம் எண்ணெய் மையை ஏற்கும், வெற்றிடம் நீரை ஏற்று மையைத் தள்ளும். ஒவ்வொரு படிக்கும் கல்லை நனைத்து, மை உருளையை ஓட்டி, தாளை வைத்து, அழுத்துகட்டையின் கீழே இழுக்க வேண்டும்.

தவறு நேரும் இடங்கள் பல. கல் ஒரு கணம் உலர்ந்தால் வெற்றிடத்திலும் மை ஏறிப் படம் அழுக்காகும். அமிலம் மிஞ்சினால் மெல்லிய சாம்பல் நிறங்கள் முதலில் அழியும். வரையும்போது கைரேகை பட்டால் அதன் எண்ணெயும் அச்சில் தெரியும். ஆனாலும் செப்புத்தகட்டையும் மரக்கட்டையையும் ஒப்பிடும்போது ஒரு பெரிய ஆதாயம் உண்டு: ஓவியரின் கைக்கும் தாளுக்கும் இடையே செதுக்குபவர் ஒருவர் தேவையில்லை. திங்களன்று நாடாளுமன்றத்தில் நடந்தது வியாழக்கிழமை கடைக்கண்ணாடிக்கு வந்துவிடும்.

பலவீனமும் இங்கேயேதான் இருந்தது. அச்சகம் நடத்த அரசு உரிமம் வேண்டும், கல்லச்சகத்துக்கும் அப்படியே. அச்சிட்ட படத்தின் படிகளைச் சட்டப்படி முன்னதாக ஒப்படைக்கவும் வேண்டும். தணிக்கை இல்லாவிட்டாலும், என்ன வரப்போகிறது என்பது அதிகாரிகளுக்குத் தெரியும். உரிமத்தை இழந்தால் அச்சகர் பிழைப்பையே இழப்பார். ஆசிரியரின் துணிச்சலுக்கு அச்சகரின் உரிமம் பிணையாக நின்றது.

முதல் மோதல்கள், 1831

பிப்ரவரி மாதம் ஒரு படம்: மன்னர் சோப்பு நுரைக்குமிழி ஊதிக்கொண்டிருக்கிறார், ஒவ்வொரு குமிழியும் ஜூலையில் தந்த ஒரு வாக்குறுதி. போலீஸ் அதைக் கைப்பற்றியது. ஜூன் 30 அன்று இன்னொரு படம்: கொத்தனார் ஒருவர் ஜூலைப் புரட்சியின் சுவடுகளைச் சுவரில் சாந்து பூசி மறைக்கிறார். கொத்தனாரின் முகம் மன்னரின் முகம். பெயர் இல்லை, கிரீடம் இல்லை, அரச முத்திரை இல்லை. வழக்குத் தொடரப்பட்டது.

நீதிமன்றத்தில் எடுத்த முடிவு

விசாரணை 1831 நவம்பர் 14 அன்று நடந்தது. ஆசிரியருக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. அது மன்னரே அல்ல என்று மறுக்கலாம், ஆனால் யாரும் நம்பப்போவதில்லை. மற்றொன்று, முகச்சாயலை ஒப்புக்கொண்டு, சாயல் குற்றமாகாது என்று வாதிடுவது. அவர் இரண்டாவதைத் தேர்ந்தார். அரச முத்திரை ஏதும் இல்லாத உருவம் தனிமனிதரைக் குறிக்கவில்லை, ஆட்சியைக் குறிக்கிறது என்பது வாதத்தின் சாரம்.

அதை வாயால் சொன்னதோடு நிற்காமல் நான்கு கோட்டுப்படங்கள் வரைந்து காட்டினார். முதலாவது மன்னரின் முகம்: தூக்கிய தலைமுடி, அகன்ற கன்னம், தாடை. இரண்டாவதில் தாடை இன்னும் விரிகிறது. மூன்றாவதில் கண்ணும் வாயும் பழத்தின் சுருக்கங்களாகின்றன. நான்காவது வெறும் பேரிக்காய். முதலாவதைத் தண்டித்தால் அதை ஒத்த இரண்டாவதையும், அதை ஒத்த மூன்றாவதையும், கடைசியில் பேரிக்காயையும் தண்டிக்க வேண்டிவரும் என்பது கேள்வி.

வாதம் தோற்றது. ஆறு மாதம் சிறை, 2,000 ஃபிராங்க் அபராதம். ஆனால் பத்தாம் நாளே, நவம்பர் 24 அன்று, அந்தக் கோட்டுப்படங்களை இதழ் அச்சிட்டு விற்றது. வழக்கில் சான்றாக வரைந்தது அடுத்த இதழின் சரக்காகிவிட்டது.

பேரிக்காய் ஏன் இவ்வளவு பரவியது? வரைவது எளிது என்பதுதான் முதன்மைக் காரணம் என்பது எங்கள் கணிப்பு. மன்னரின் முகத்தை வரையத் திறமை வேண்டும். மேலே குறுகி, கீழே பருத்து, தலையில் ஒரு காம்புள்ள பழத்தைச் சுவரில் கரித்துண்டால் வரையத் திறமை எதுவும் வேண்டாம். பாரிஸ் சுவர்களில் பிள்ளைகள் அதை வரையத் தொடங்கினார்கள். ஓர் இதழின் படம், இதழே வாங்காதவர்களின் கைக்கு மாறியது. அதன்மேல் வழக்குப் போட ஆளில்லை.

கார்காந்துவா

1831 டிசம்பரில் 23 வயது டோமியே வரைந்த படம் ஒபேர் கடைக்கு வந்தது. பழைய பிரெஞ்சு எழுத்தாளர் ரபெலேயின் கதையில் வரும் அரக்கன் கார்காந்துவாவின் உருவில், பேரிக்காய்த் தலையோடு மன்னர் நாற்காலியில் அமர்ந்திருக்கிறார். திறந்த வாயிலிருந்து தரைவரை ஒரு பலகை சாய்ந்து இறங்குகிறது. ஏழைகள் கொட்டும் காசுகளைக் கூடை கூடையாகச் சுமந்து சிற்றாட்கள் அதில் ஏறுகிறார்கள். நாற்காலியின் அடியிலிருந்து பதவி ஆணைகளும் பதக்கங்களும் விழ, கீழே ஒரு கூட்டம் அவற்றைப் பொறுக்குகிறது. மன்னரின் ஆண்டுப்படியை நாடாளுமன்றம் விவாதிக்கவிருந்த வேளை அது. முதலில் பேசப்பட்டது 1 கோடியே 80 லட்சம் ஃபிராங்க், முடிவில் வழங்கப்பட்டது 1 கோடியே 20 லட்சம்.

இதில் எடுத்த முடிவைக் கவனிக்க வேண்டும். சாந்து பூசும் படத்தில் ஆட்சியின் செயல்தான் இலக்கு. இங்கே மன்னரின் உடலே, அதன் கழிவே இலக்கு. ‘தனிமனிதர் அல்ல, ஆட்சி’ என்று ஒரு மாதம் முன்பு சொன்ன வாதத்துக்கு இந்தப் படத்தில் இடமே இல்லை. 1832 பிப்ரவரியில் ஓவியர், கடைக்காரர், அச்சகர் மூவருக்கும் ஆறு மாதம் சிறையும் 500 ஃபிராங்க் அபராதமும் விதிக்கப்பட்டன. ஓவியருக்கு உடனே தண்டனை நிறைவேற்றப்படவில்லை. அவர் வரைவதை நிறுத்தாததால் ஆகஸ்ட் இறுதியில் பிடித்து சாந்த் பெலாஜி சிறையில் அடைத்தார்கள். பின்னர் ஒரு மருத்துவ விடுதிக்கு மாற்றப்பட்டு, 1833 தொடக்கத்தில் விடுதலையானார்.

மூவரில் அதிகம் இழக்கக்கூடியவர் அச்சகர்தான். அவரையும் கூண்டில் ஏற்றியது தற்செயல் அல்ல. ஓவியரைச் சிறையில் போட்டால் அவர் சிறையிலும் வரைவார். அச்சகர்கள் பின்வாங்கினால் வரைந்த கல் வெறும் கல்லாகவே கிடக்கும்.

பணம்: அபராதத்தைச் சமாளித்த முறை

1832-இன் பெரும்பகுதியை ஆசிரியரும் சிறையில்தான் கழித்தார். அந்தக் காலத்தில் இரண்டு ஏற்பாடுகள் உருவாயின.

ஒன்று, 1832 ஆகஸ்டில் தொடங்கிய மாதாந்திரக் கல்லச்சுச் சங்கம். மாதம் 1 ஃபிராங்க் கொடுத்தால் வழக்கத்தைவிடப் பெரிய ஒரு படம் கிடைக்கும். அந்தப் பணம் அபராத நிதிக்குப் போகும். இரண்டு ஆண்டுகளில் 24 படங்கள் வந்தன. நன்கொடை கேட்காமல், கையில் பிடிக்கக்கூடிய ஒரு பொருளைக் கொடுத்துப் பணம் திரட்டியதால் ஏற்பாடு நிலைத்தது. சங்கத்துக்காக வரைந்தவற்றில்தான் டோமியேயின் மிகச் சிறந்த சில கற்கள் இருக்கின்றன. பெரிய தாளும் ஒரு மாத அவகாசமும் அவருக்குக் கிடைத்தன.

மற்றொன்று, 1832 டிசம்பர் 1 அன்று பிறந்த நாளிதழ் ‘ல ஷாரிவாரி’. பிடிக்காதவர் வீட்டுச் சன்னலடியில் சட்டி பானையைத் தட்டி எழுப்பும் கூச்சலுக்குப் பிரெஞ்சில் அந்தப் பெயர். ஒவ்வொரு நாளும் ஒரு புதிய படம் என்பது வாக்கு. இதன் சுமை லேசானதல்ல. எழுத்து உலோக அச்சில் வரும், படம் கல்லில் வரும், ஒரே தாள் இரண்டு எந்திரங்களில் ஏற வேண்டும்.

இந்தச் சிக்கலுக்கு ஒரு தீர்வு 1834-இல் கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரி 17 அன்று நான்கு பேரிக்காய்ப் படங்களையும் மரச்செதுக்கில் வெட்டி நாளிதழில் வெளியிட்டார்கள். மரக்கட்டை மேடான அச்சு என்பதால் எழுத்துகளோடு ஒரே சட்டத்தில் பூட்டலாம். 6,000 ஃபிராங்க் அபராதத்தைக் கட்டவே இந்த விற்பனை என்று படத்திலேயே போட்டிருந்தார்கள்.

பிப்ரவரி 27 அன்று அதற்கும் மேலே போனார்கள். இதழுக்கு எதிரான தீர்ப்பை இதழிலேயே வெளியிட வேண்டியிருந்தது. ஒரு சொல் மாறாமல் வெளியிட்டார்கள். வரிகளின் நீளத்தை மட்டும் மாற்றினார்கள்: மேலே குறுகிய வரிகள், கீழே போகப்போக நீண்டவை, இருபுறமும் வெற்றுத்துண்டுகள் நிரப்பி இடைவெளி. அச்சுக்கோப்பவர் தீர்ப்பைப் பேரிக்காயாக அடுக்கிவிட்டார். ஓவியர் இல்லை, கல் இல்லை. அந்த அச்சுக்கோப்பவரின் பெயர் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. ஐந்தாண்டுகளில் எடுத்த முடிவுகளில் மிகக் கூர்மையானது இதுவே என்று கருதுகிறோம்.

திரான்ஸ்நோனேன் தெரு, எண் 12

1834 ஏப்ரலில் சங்கங்களைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை ஒட்டி லியோனில் பட்டு நெசவாளர்கள் எழுந்தார்கள். 13-ஆம் தேதி பாரிஸிலும் தடுப்பரண்கள் முளைத்தன. 14-ஆம் தேதி விடியற்காலையில், ஒரு வீட்டிலிருந்து துப்பாக்கிச் சூடு வந்தது என்று 35-ஆவது காலாட்படைப் பிரிவின் வீரர்கள் திரான்ஸ்நோனேன் தெரு 12-ஆம் எண் வீட்டுக்குள் புகுந்தார்கள். அங்கே குடியிருந்தவர்களில் குறைந்தது 12 பேரைக் கொன்றார்கள். வழக்கறிஞர் லெத்ரு-ரொலேன் உயிர் பிழைத்தவர்களின் வாக்குமூலங்களைத் திரட்டி அதே ஆண்டு வெளியிட்டார்.

மாதச் சங்கத்தின் 24-ஆவது, கடைசிப் படம் இதைப் பற்றியது. கல்லின் படப்பரப்பு ஏறத்தாழ 29 × 44 சென்டிமீட்டர். இரவு உடையும் தொப்பியுமாக ஒரு மனிதர் கட்டிலில் முதுகு சாய்ந்தபடி தரையில் சரிந்து கிடக்கிறார். அவர் உடலுக்கு அடியில் ஒரு குழந்தை. இடப்பக்க இருட்டில் ஒரு பெண்ணின் உடல். வலப்பக்க ஓரத்தில் ஒரு முதியவரின் தலை மட்டும். கவிழ்ந்த நாற்காலி. தரையில் இரத்தம்.

இந்தப் படத்தின் முடிவுகள் எல்லாம் விலக்கியவற்றில்தான் தெரிகின்றன. பேரிக்காய் இல்லை. மன்னர் இல்லை. வீரர்களும் இல்லை, அவர்கள் போய்விட்டார்கள். தலைப்பில் வசைச்சொல் இல்லை, தெருப்பெயரும் தேதியும் மட்டும். இது கேலி அல்ல, நம் காலத்து வரலாற்றின் இரத்தக்கறை படிந்த ஒரு பக்கம் என்று ஆசிரியர் தம் இதழில் எழுதினார். கொல்லப்பட்டவர்களைக் கலகக்காரர்கள் என்று சொல்ல முடியாதபடி, தூக்கத்திலிருந்து எழுந்த உடையோடு அவர்களை வரைந்ததே வாதம். அவதூறு என்று சுட்டிக்காட்ட ஒரு கோடும் அதில் இல்லை. ஆனாலும் கிடைத்த படிகளைப் போலீஸ் கைப்பற்றியது.

ஒரு பிழையும் பதிவாக வேண்டும். தலைப்பில் உள்ள தேதி ஏப்ரல் 15. கொலை நடந்தது 14 காலை. சாட்சியமாக நிற்க வேண்டிய படத்தில் தேதி தவறினால் எதிர்த்தரப்புக்கு அது பிடிமானம். கல்லில் எழுதிய தலைப்பை அச்சுக்கு முன் வாக்குமூலங்களோடு ஒப்பிட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

முடிவு, 1835

1835 ஜூலை 27 அன்று ‘ல ஷாரிவாரி’ இந்த ஆட்சியில் கொல்லப்பட்டவர்களின் பட்டியலைச் சிவப்பு மையில் அச்சிட்டது. பிணங்களால் ஆன மன்னர் உருவம் ஒன்றும் உடன் வந்தது. மறுநாள் புரட்சி ஆண்டுவிழா ஊர்வலத்தில், தாம்ப்ள் பெருஞ்சாலையில், ஃபியெஸ்கி என்பவர் 25 துப்பாக்கிக் குழல்களை ஒரு சட்டத்தில் பூட்டி ஒரேயடியாக வெடிக்கச் செய்தார். மன்னர் தப்பினார், மார்ஷல் மோர்த்தியே உட்பட 18 பேர் இறந்தார்கள். இதழுக்கும் கொலையாளிக்கும் தொடர்பு கிடையாது. ஆனால் முந்தைய நாள் இதழ் எல்லார் கையிலும் இருந்தது.

நீதித்துறை அமைச்சர் பெர்சீல் கொண்டுவந்த மசோதா நுட்பமானது. சாசனம் காப்பது கருத்துகளை, படம் கருத்தல்ல, கண்ணோடு பேசித் தூண்டும் செயல் என்றார் அவர். 7-ஆவது பிரிவைத் தொடாமலே தணிக்கை திரும்பியது. செப்டம்பர் 9 சட்டத்தின்படி பாரிஸில் உள்துறை அமைச்சரின் முன் அனுமதி இல்லாமல் எந்தப் படத்தையும், கல்லச்சையும், பதக்கத்தையும், சின்னத்தையும் வெளியிடவோ காட்டவோ விற்கவோ கூடாது. பாரிஸ் நாளிதழ்கள் அரசிடம் முன்கூட்டியே கட்டவேண்டிய காப்புத்தொகை 1,00,000 ஃபிராங்க் ஆனது. 12 பேர் ஜூரியில் குற்றத்தீர்ப்புக்குத் தேவையான 8 வாக்கு 7 ஆகக் குறைந்தது.

‘லா கரிக்காத்யூர்’ அதற்குக் காத்திருக்கவில்லை. ஆகஸ்ட் 27 அன்று வந்த 251-ஆவது இதழோடு நிறுத்திக்கொண்டது. வரவிருந்த சட்டத்தின் வாசகத்தை அதில் பேரிக்காய் வடிவில் அடுக்கியிருந்தார்கள்.

நின்றதற்கான காரணத்தைச் சிறைத்தண்டனைகளில் தேடக்கூடாது. வெளியிட்ட பிறகு வரும் தண்டனை இதழுக்குச் செய்தி கொடுத்தது, ஜூரி முன்னால் மேடை கொடுத்தது, அபராத நிதிக்கு வாங்குவோரைக் கொடுத்தது. முன் அனுமதி இவை எதையும் கொடுக்காது. மறுக்கப்பட்ட படம் கடைக்கண்ணாடிக்கு வராது, அதற்கு வழக்கு இல்லை, தீர்ப்பு இல்லை, பேரிக்காயாக அடுக்க ஒரு வரியும் இல்லை.

பின்னர் நடந்தவை

நாளிதழ் தொடர்ந்தது, ஆனால் அரசியலிலிருந்து விலகிச் சமூக நடப்புக்கு மாறியது. 1836 முதல் 1838 வரை டோமியே வரைந்த 100 படங்களில் ரொபேர் மக்கேர் என்ற நாடகப் பாத்திரம் வங்கிக்காரராக, வக்கீலாக, மருத்துவராக, பங்கு விற்பவராக வந்து எல்லாரையும் ஏமாற்றினான். வாசகங்கள் ஆசிரியருடையவை. மன்னரைத் தொடாமல் மன்னரின் காலத்தைத் தொட்ட வழி அது. அனுமதியும் கிடைத்தது.

மாற்றியிருக்கக்கூடியவை

மக்கேரை 1836-க்குப் பதில் 1832-லேயே தொடங்கியிருக்க வேண்டும் என்பது எங்கள் முதன்மையான கருத்து. இதழின் பலம் முழுவதும் ஒரு முகத்தில் குவிந்திருந்தது. அந்த முகத்தைச் சட்டம் மூடியதும் பலமும் மூடியது. நாடாளுமன்ற உறுப்பினர்களைச் சுடாத களிமண்ணில் சிறு தலைகளாக டோமியே வடித்து, அவற்றைப் பார்த்து வரைந்த தொடர் ஏற்கனவே வேறு திசை காட்டியது. அந்தக் களிமண் தலைகளில் 36 இன்று பாரிஸின் ஒர்சே அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. அந்தத் திசையில் இன்னும் அதிகம் போயிருக்கலாம்.

கார்காந்துவா போன்ற படத்துக்கு அச்சகரைக் கூண்டில் ஏற்றும் அபாயம் தெரிந்தே இருந்தது. அபராத நிதி ஆசிரியரின் அபராதத்துக்காக எழுந்தது. அச்சகரின் உரிம இழப்பை ஈடுசெய்யும் தொகை ஒன்றைத் தொடக்கத்திலேயே ஒதுக்கியிருந்தால் ஆபத்து நியாயமாகப் பகிரப்பட்டிருக்கும்.

சிவப்பு மை இதழைக் குறைசொல்ல முடியாது. மறுநாள் நடக்கவிருந்தது யாருக்கும் தெரியாது. பட்டியலில் இருந்த பெயர்கள் உண்மையானவை.

அச்சகர் உரிமத்தைப் பிரான்ஸ் 1870 செப்டம்பர் 10 ஆணையால் ஒழித்தது. படங்களுக்கான முன் அனுமதி 1848 புரட்சியில் நீங்கி, 1852-இல் திரும்பி, 1881 ஜூலை 29 சட்டத்தோடுதான் முற்றிலும் போனது. ஆசிரியர் 1860-களின் தொடக்கத்திலேயே காலமாகியிருந்தார். ஓவியர் ஏறக்குறையப் பார்வை இழந்த நிலையில் 1879 பிப்ரவரியில் வால்மொந்துவா கிராமத்தில் இறந்தார். திரான்ஸ்நோனேன் தெரு 1851-இல் போபூர் தெருவோடு இணைந்தது, அந்தப் பெயர் பாரிஸ் வரைபடத்தில் இப்போது இல்லை. கல்லச்சுப் படத்தின் அடியில் மட்டும் இருக்கிறது.